பெர்லின் சுவர் விழுந்த பெருமை ரீகனுக்கா? லைப்சிக்கிலிருந்து ஒரு பதில்

"ஒரு நாட்டில் ஜனநாயகம் வந்தால் அதன் பெருமை வெளிநாட்டுத் தலைவருக்குப் போகலாமா? அமெரிக்க அதிபர் ரீகன் பேசித்தானே பெர்லின் சுவர் விழுந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சின் காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைப் பார்த்துத்தான் அப்படி நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே, முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த லைப்சிக்கில், செவிலியர் வேலைக்குச் சேரும் வரை.

ரீகன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இடதுசாரி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அவர் "இந்தச் சுவரை இடித்துத் தள்ளுங்கள்" என்று சோவியத் தலைவர் கோர்பசேவை அழைத்துச் சொன்னது 1987 ஜூன் 12-ஆம் தேதி. சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. நடுவில் இரண்டரை வருஷம். அந்த இரண்டரை வருஷத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

என் வார்டில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த செவிலியர் இந்த ஊர்க்காரர். 1989-இல் அவருக்கு 31 வயது, நாலு வயதில் ஒரு மகள். நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதலே திங்கள்தோறும் அமைதிக்கான பிரார்த்தனை நடந்துவந்தது. 89 செப்டம்பரில் அது முடிந்து வெளியே வருகிறவர்கள் அப்படியே ஊர்வலமாகப் போக ஆரம்பித்தார்கள். போலீஸ் அடித்தது, பிடித்துக்கொண்டு போனது. அதே வருஷம் ஜூனில் பெய்ஜிங்கில் மாணவர்களைச் சுட்டதை கிழக்கு ஜெர்மனி அரசு வெளிப்படையாகவே ஆதரித்திருந்தது. ஆகவே அக்டோபர் 9, திங்கட்கிழமை, இங்கேயும் சுடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இவர் வேலை பார்த்த இடத்தில் படுக்கைகளைக் காலி செய்து, ரத்தம் கூடுதலாக எடுத்துவைக்கச் சொன்னார்களாம். யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

வேலை முடிந்ததும் மகளை அம்மா வீட்டில் விட்டார். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்து, "நாளைக் காலை நான் வராவிட்டால் குழந்தையின் துணிமணிகள் கீழ்த்தட்டில் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இதை என்னிடம் சொன்னபோது நாங்கள் மருந்து டிராலியை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவர் கை நிற்கவே இல்லை. என் கைதான் நின்றுவிட்டது.

அன்று சுமார் 70,000 பேர் நடந்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. அடுத்த திங்கள் கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்கு இரண்டு நாள் கழித்து கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனக்கர் பதவி விலகினார், மூன்று வாரத்தில் சுவர் திறந்தது.

ரீகனைப் பற்றி அந்தச் செவிலியரிடமே கேட்டேன். அன்று இரவு அந்தப் பெயரை யாருமே சொல்லவில்லை என்றார். கோர்பசேவின் செல்லப்பெயரான "கோர்பி, கோர்பி" என்றுதான் கத்தினார்களாம். நன்றி சொல்லவா என்றேன். "இல்லை, எதிரே நின்ற போலீஸ்காரன் காதில் விழ. அவன் தலைவர்களுக்கும் தலைவர் அவர்தானே, அந்தப் பெயரைக் கத்துகிறவனை எதிரி என்று எப்படிச் சுடுவான்?" என்றார். வெளிநாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டு மக்களுக்கு எந்த அளவுக்குப் பயன்படுவார் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

"கோர்பசேவுக்குக்கூடப் பெருமை இல்லையா?" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். உண்டு. கிழக்கு ஜெர்மனியில் லட்சக்கணக்கில் சோவியத் வீரர்கள் இருந்தும் அவர்கள் முகாமை விட்டு வெளியே வரவில்லை. அது பெரிய விஷயம். கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்குக்குத் தப்பிப் போக ஆஸ்திரியப் பக்கம் எல்லையைத் திறந்துவிட்ட ஹங்கேரி அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் தடுக்காமல் இருந்ததற்கான பெருமை வேறு, செய்ததற்கான பெருமை வேறு. அதே கோர்பசேவ் ஆட்சியில்தான் 1991 ஜனவரியில் வில்னியஸில் டாங்கிகள் இறங்கின, 14 பேர் செத்தார்கள். லிதுவேனியாக்காரர்களிடம் போய் அவர்தான் உங்களுக்கு ஜனநாயகம் கொடுத்தார் என்று சொல்லிப் பாருங்கள்.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்கு. 1990 மார்ச்சில் இங்கே முதல் சுதந்திரத் தேர்தல் நடந்தது. போராட்டத்தைத் தொடங்கிய குழுக்களின் கூட்டணிக்குக் கிடைத்த வாக்கு 2.9 சதவீதம். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்து மேடை ஏறிய அதன் பிரதமர் கோலின் ஆதரவு பெற்ற கூட்டணி ஜெயித்தது. மக்கள் தீர்ப்பு, அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கிழக்கில் செவிலியர்களுக்கு ஓய்வூதியக் கணக்கில் ஒரு கூடுதல் சலுகை இருந்தது. இரண்டு ஜெர்மனியும் இணைந்த பிறகு சில வருஷத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். என் தோழியாகிவிட்ட அந்த மூத்த செவிலியர் இரவும் பகலும் நோயாளி தூக்கி முதுகு போனவர். அவர் ஓய்வு பெற்ற நாளில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பத்து நிமிஷம் பேசினார். அவர் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பதையே தப்பாகச் சொன்னார். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரீகன் பேச்சைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு, அக்டோபர் 9 இரவு இரண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்தில் ஒளிந்திருந்து எடுத்து மேற்குக்குக் கடத்தி அனுப்பிய படத்தையும் தேடிப் பாருங்கள். மங்கலான தெருவிளக்கில் வெறும் தலைகளாகத்தான் தெரியும். அதில் ஒரு தலை என் தோழியுடையது.