19-ஆம் நூற்றாண்டின் செசார் ஃபிராங்க், தேவாலயங்களில் ஒலிக்கும் குழாய்க் கருவியான ஆர்கனின் ஆசிரியர்தானே, அவரிடம் படித்தவர்கள் இசையமைப்பாளர்கள் ஆனது எப்படி?

காரணம் தேர்வுமுறை. ஃபிராங்க் 1872-இல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஆர்கன் பேராசிரியரானார். அங்கே ஆர்கன் தேர்வில் நான்கு பகுதிகள்: தேவாலயப் பாடல் மெட்டுக்குத் துணையிசை, கொடுத்த இசைக் கருவில் அந்த இடத்திலேயே ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்), இன்னொரு கருவில் மனோதர்மமாக ஒரு துண்டு, கடைசியாக மனப்பாடமாக ஓர் உருப்படி. முதல் மூன்றையும் அங்கேயே கற்பனையில் உருவாக்க வேண்டும். அதனால் வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி சுருதிமாற்றம், எதிர்ப்பண் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைப்பது), வடிவம் ஆகியவற்றுக்கே போனது. பின்னாளில் இசையமைப்பாளரான வென்சான் தாந்தி போன்ற மாணவர்களுக்கு அதுவே இசையமைப்புப் பயிற்சி. காலால் வாசிக்கும் மிதிகட்டை நுட்பம் பின்தங்கியதுதான் குறை. அவருக்குப் பின் 1890-இல் பேராசிரியராக வந்த விதோர் அதைக் கண்டிப்போடு சரிசெய்தார்.

ஃபிராங்கின் சொந்தப் படைப்பு தாமதமாகவே கனிந்தது. செயின்ட் குளோடில்ட் தேவாலயத்தில் 1859-இல் திறக்கப்பட்ட, கவாயே-கோல் என்ற கைவினைஞர் செய்த ஆர்கன்தான் அவர் காதைப் பழக்கியது. டி மைனர் சிம்பொனியை 1888-இல் முடித்தபோது அவருக்கு வயது 65.