கேள்வி பதில்: கணக்கியல் பேராசிரியர், பினாங்கு

கேள்வி (ஜெலுத்தோங் மாணவி): ஐயா, கணக்கியல் சொல்லிக்கொடுத்த நீங்கள் நிறுவனத்தை நடத்துவோரை யார், எப்படிக் கண்காணிப்பது என்ற நிறுவன ஆளுகை ஆய்வுக்கு எப்படி வந்தீர்கள்?

பதில்: 1997 ஆசிய நிதி நெருக்கடிதான் காரணம். அப்போது நான் புது விரிவுரையாளர். "கணக்கு சரியாத்தானே சார் இருந்துச்சு, அப்புறம் கம்பெனி எப்படி விழுந்துச்சு?" என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து, கணக்கில் கையெழுத்திடும் இயக்குநர் குழுவைப் படிக்கத் தொடங்கினேன். 2000இல் மலேசியாவின் முதல் நிறுவன ஆளுகை நெறிமுறையும் வந்தது.

கேள்வி (பட்டர்வொர்த்): கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கிறேன். சுயேச்சை இயக்குநர் என்று போடுகிறார்களே, நம்பலாமா சார்?

பதில்: சுயேச்சை இயக்குநர் என்றால் முதலாளியோடும் நிர்வாகத்தோடும் தொடர்பில்லாமல் இயக்குநர் குழுவில் இருக்க வேண்டியவர். ஆனால் பட்டத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். பதினைந்து வருடம் ஒரே குழுவில் உட்கார்ந்தவருக்கு முதலாளியை எதிர்த்துப் பேச வாய் வருமா? அதனால்தான் மலேசியப் பங்குச் சந்தையான புர்சா, ஒருவர் சுயேச்சை இயக்குநராக இருக்க 2023 ஜூன் முதல் 12 ஆண்டு வரம்பு வைத்தது. நிறுவன ஆளுகை நெறிமுறையின் 2021 பதிப்பு 9 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. பொறுப்பும் சும்மா இல்லை: டிரான்ஸ்மைல் என்ற விமானச் சரக்கு நிறுவனத்தின் தவறான நிதி அறிக்கை வழக்கில் தணிக்கைக் குழுவில் இருந்த இரண்டு முன்னாள் சுயேச்சை இயக்குநர்களுக்கு 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் ஓராண்டுச் சிறையும் தலா 300,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் விதித்தது.

ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் முன்பக்கப் படங்களை விட்டுவிடுங்கள். கடைசிப் பக்கங்களில் 'தொடர்புடைய தரப்பினர்' குறிப்பு இருக்கும். இயக்குநரின் குடும்பத்துக்கு வாடகை போகிறதா, கடன் போகிறதா என்று அங்கே தெரியும். போன வருடத் தொகை பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வுக்குத் தரவு எங்கே எடுத்தீர்கள்?

பதில்: அந்த அறிக்கைகளில்தான். ஆரம்பத்தில் எல்லாம் கையால். வரிக்கு அடியில் அடிமட்டம் வைத்து, எந்த இயக்குநர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்று எழுதுவேன்: 5/5, 4/5, 2/5. 2/5 வந்தால் பென்சிலால் வட்டம் போடுவேன். அந்த வட்டங்களிலிருந்துதான் என் நல்ல கேள்விகள் பிறந்தன.

கேள்வி: விரிவுரையாளராக முனைவர் பட்டம் கட்டாயமா?

பதில்: பல்கலைக்கழகத்தில் மேலே போக வேண்டுமென்றால், ஆமாம்.

கேள்வி (ஒரு தாயார், ஆயர் ஈத்தாம்): மகள் கணக்கியல் பட்டம் முடிக்கப்போகிறாள். உடனே மேற்படிப்பா, வேலையா ஐயா?

பதில்: இரண்டு மூன்று வருடம் தணிக்கை நிறுவனத்தில் இருக்கட்டும் அம்மா. சரக்குக் கிடங்கில் நின்று பெட்டி பெட்டியாக எண்ணட்டும். புத்தகத்தில் 400, தரையில் 370 என்று வரும்போது கிடங்கு மேலாளரின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் ஆய்வுக்கு வரட்டும். என் வகுப்பில் அப்படி வந்தவர்கள்தான் கூர்மையாகக் கேட்டார்கள்.