மாங்காய் விற்ற பணத்தை ஆய்விதழுக்குக் கட்டாதீர்கள்

பர்கூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

எம்.ஏ. வரலாறு படிக்கும் உங்கள் மகள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வைப் பற்றிச் செய்த ப்ராஜெக்டை, 'சர்வதேச ஆய்விதழில்' மூன்றே நாளில் போட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. 5,000 ரூபாய் கேட்கிறார்கள். மாங்காய் விற்ற பணத்தில் கட்டிவிடலாமா என்கிறீர்கள். வேண்டாம்.

பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைக்கூடப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. எம்.ஏ. மாணவிக்கு என்ன அவசரம்? விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'யூஜிசி கேர்', அதாவது யூஜிசி ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு கைவிடப்பட்டது. ஐஎஸ்எஸ்என் என்பது இதழை அடையாளம் காட்டும் 8 இலக்க எண், அவ்வளவுதான், தரச்சான்று இல்லை. ஒழுங்கான ஆய்விதழ் என்றால் துறை தெரிந்தவர்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்ல வேண்டும், அதைத் திருத்த வேண்டும். அதற்கே மாதக்கணக்காகும்.

இந்த ஏமாற்று இதழ்களைப் பட்டியல் போட்டு உலகத்துக்குக் காட்டியவர் ஒரு நூலகர்: அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப்ரி பீல். அவர் பட்டியல் 2017இல் இணையத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பெரிய பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றின் இணையப் பக்கங்களில், ஆய்விதழுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எழுதியவருக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது, எந்த இதழை நம்பலாம் என்று நூலகர்களே விளக்கி எழுதுகிறார்கள். மகளை முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். காசு கிடையாது.

அதே நூலகங்களில் பாடவாரியாக ஆய்வு வழிகாட்டிப் பக்கங்கள் உண்டு. தொல்லியல், தெற்காசிய வரலாறு என்று தேடினால் எந்தத் தரவுத்தளத்தைப் பார்ப்பது, முதன்மைச் சான்று எங்கே கிடைக்கும், அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று அந்தத் துறைக்கான நூலகர் எழுதி வைத்திருப்பார். ஒரு சிக்கல்: வழிகாட்டி எல்லோருக்கும் திறக்கும், அது கைகாட்டும் தரவுத்தளங்கள் பலவும் பாஸ்வேர்ட் கேட்கும். இங்கேதான் நம் பிள்ளைகள் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

திரும்ப வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணைய மின்னூலகம் இருக்கிறது. இலவச ஆய்விதழ்களைத் தேட டிஓஏஜே (DOAJ) என்ற இணையப் பட்டியல் உண்டு. அரசுக் கல்லூரி என்றால் இன்னொரு வாசலும் இருக்கிறது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் அதில் அடக்கம். கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, லாகின் எப்படி வாங்குவது என்று நூலகரிடம் நேரே போய்க் கேட்கட்டும். கேட்டால்தான் தெரியும், யாரும் தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

ப்ராஜெக்டிலேயே செய்ய வேலை இருக்கிறது. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். செய்தித்தாளை மேற்கோள் காட்டி நிறுத்திவிடாமல், தொல்லியல் துறையின் அறிக்கைக்குப் போகட்டும். காலம் கணித்த மாதிரி எந்த மண்ணடுக்கில் எடுத்தது, எந்த முறையில் கணித்தார்கள், மற்ற ஆய்வாளர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கட்டும். நேர்காணலில் இதைப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அந்த 5,000 ரூபாய்ச் சான்றிதழ் எதற்கு?

அப்புறம், நூலகங்கள் இணையத்தில் வைக்கும் கண்காட்சிகள். ஏராளமான ஆவணங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம் எழுதுவார்கள். அந்த நாலு வரி லேசில் வராது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், ஒரு பொருளுக்குத் தானே விளக்கம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே அங்கே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நூலகர் வேலைக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம். எம்.ஏ.வுக்குப் பிறகு நூலக அறிவியலில் பி.லிப்., அதன்பின் எம்.லிப். படிக்க வேண்டும், கல்லூரி நூலகர் பணிக்குத் தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேறுவதும் தேவைப்படும். நெட் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் என்று வருகிறது. மாங்காய்ப் பணத்தில் கொஞ்சம் எடுத்து வைப்பதானால், அந்த விண்ணப்பக் கட்டணத்துக்கு வையுங்கள்.