காது மடல் அமைக்கும் அறுவை சிகிச்சை: கேள்வி பதில்

பிறவியிலேயே மடல் வளராத பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து: மகனுக்கு 8 மாதம். வலது காது சிறு மொட்டாகத்தான் இருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்யலாமா சிஸ்டர்?

மடலுக்கு அவசரமே இல்லை மக்களே, கேட்புச் சோதனைக்குத்தான் அவசரம். பெரும்பாலும் விலாக் குருத்தெலும்பை எடுத்துத்தான் மடல் செதுக்குவார்கள். அது போதிய அளவு வளர 6 முதல் 10 வயது ஆகும். சோதனைக்கு இந்த மாதமே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். மற்றக் காது சரியாகக் கேட்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

குளச்சலிலிருந்து: மகளுக்கு 9 வயது. காதுக்குப் பின்னால் பலூன் வைப்பார்களாம். எதற்கு? வலிக்குமா?

புது மடலைப் போர்த்த மெல்லிய, முடியில்லாத தோல் வேண்டும். அங்கே இருக்கிற தோல் போதாது. அதனால் சிலிக்கான் பையொன்றைத் தோலுக்கடியில் வைத்து, தையல் ஆறியபின் சலைனை ஊசியால் சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். கர்ப்பிணியின் வயிறுபோல் தோல் மெல்ல விரியும். ஏற்றும்போது இழுக்கும். தோல் வெளுத்தால், பிள்ளை தாங்காமல் அழுதால், அன்றைக்கு அதோடு நிறுத்துவார்கள்.

வீட்டில் தினமும் பாருங்கள். விரலால் லேசாக அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் உடனே பழைய நிறத்துக்கு வரவேண்டும். தோல் பளபளத்து மெலிந்தாலோ, கறுத்தாலோ, நீர் கசிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். பை வெளியே வந்துவிட்டால் பட்ட பாடு வீணாகும். பை உள்ளே இருக்கும்வரை கடல் குளியலும் பந்து விளையாட்டும் வேண்டாம். அந்தப் பக்கமாகப் படுக்கவும் விடாதீர்கள்.

அப்புறம் அடுத்த ஆபரேஷனில் பையை எடுத்துவிட்டு, செதுக்கிய குருத்தெலும்பை வைத்து விரிந்த தோலால் மூடுவார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: மடல் வைத்தால் காது கேட்குமா?

கேட்காது. கண்ணாடி மாட்டலாம், முகம் நிறைவாகும். கேட்புக்கு வேறு வழி உண்டு. துவாரம் அடைத்திருந்தாலும் உள்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தலைப்பட்டையில் வரும், எலும்பு வழியாக ஒலியை உள்காதுக்குக் கொண்டுபோகும் கருவியைக் கைக்குழந்தைக்கே போடலாம்.

இரணியலிலிருந்து: கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார்.

இல்லவே இல்லை. கருவில் 6-வது வார வாக்கிலேயே காது உருவாகத் தொடங்கிவிடும். பலருக்கு எந்தக் காரணமும் தெரியவருவதில்லை. அத்தையை அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவரே சொல்லட்டும். உங்கள்மேல் ஒரு பழியும் இல்லை.

மறுபடியும் குளச்சல்: பிறகு கம்மல் போடலாமா?

குருத்தெலும்பைத் துளைத்தால் சீழ் பிடிக்கலாம். ஆபரேஷன் செய்த டாக்டர் இடம் காட்டாமல் எங்கேயும் காது குத்தாதீர்கள். இறுக்கிப் பிடிக்கும் கம்மலும் வேண்டாம்.