வாசகர் கேள்வி–பதில்: மாதிரி ரயில் அமைப்பில் கட்டடங்கள்

மாதிரி ரயில் அமைப்புகளுக்கான கட்டடங்களைக் கட்டுவது, அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கிட் (ஒட்டிச் சேர்ப்பதற்கான தயார் பாகங்கள்) பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய நிலையக் கட்டடம் தனியே பார்க்கும்போது நன்றாக இருக்கிறது. ரயில் பெட்டிகள் முன்னால் வந்து நின்றதும் சிறுத்துப்போனதுபோல் தோன்றுகிறது. என்ன காரணம்?

பதில்: முதலில் கட்டடத்தின் கதவை அளந்து பாருங்கள். உண்மையான கதவு ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரம் என்று கொண்டால், 1:87 விகிதமுள்ள எச்ஓ அளவில் அது 24 மி.மீ. இருக்க வேண்டும், 1:76 விகிதமுள்ள ஓஓ அளவில் 27 மி.மீ.க்குச் சற்று மேல். 1:160 விகிதமுள்ள என் அளவில் 13 மி.மீ. எச்ஓ, ஓஓ ஆகிய இரண்டும் 16.5 மி.மீ. அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால், பலர் அவற்றை ஒன்றென்றே எண்ணிவிடுகிறார்கள். ‘எச்ஓ/ஓஓ’ என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்ட பெட்டிகளும் கடைகளில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. உங்கள் வண்டிகள் ஓஓவாகவும் கட்டடம் எச்ஓவாகவும் இருந்தால், கட்டடம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியதாகத்தான் தெரியும்.

கதவு சரியான அளவில் இருந்தும் குறை தோன்றினால், கட்டடம் நீளத்தில் குறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 150 மீட்டர் நீளமுள்ள நிலையத்தை எச்ஓவில் அப்படியே கட்டினால் 1.7 மீட்டருக்கு மேல் நீளும் என்பதால், குறுக்காமல் யாராலும் முடியாது. ஆனால் குறுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. பத்து ஜன்னல் வரும் சுவரில் ஆறு ஜன்னல் வைக்கலாம். ஜன்னலின் அளவையோ படிக்கட்டின் உயரத்தையோ செங்கல் வரியின் பருமனையோ குறைக்கக் கூடாது, ஏனெனில் கண் ஒப்பிட்டுப் பார்ப்பது அவற்றைத்தான். எச்ஓ என்று விற்கப்படும் சில கிட்கள் எல்லா அளவுகளிலுமே 1:100 அளவுக்கு அருகில் சுருக்கப்பட்டவை. அவற்றைத் தண்டவாளத்தை ஒட்டி வைக்காமல் பின்புலத்துக்கு அருகில் வைத்தால், தொலைவில் இருப்பதுபோன்ற தோற்றம் கிடைத்து அந்தக் குறையே பயனாகிவிடும்.

கேள்வி: வளைவை ஒட்டி ஒரு சரக்குக் கொட்டகை கட்ட விரும்புகிறேன். சுவருக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: நேர்ப்பாதையில் போதுமான இடைவெளி வளைவில் போதாது. வளைவில் செல்லும் நீண்ட பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாகவும் இரு முனைகள் வெளிப்புறமாகவும் துருத்தும். உட்புறத் துருத்தலை எளிதாகக் கணக்கிடலாம்: பெட்டியின் அடியிலுள்ள இரண்டு போகிகளின் (சக்கரத் தொகுதிகளின்) மையங்களுக்கு இடையிலான தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்த தொகையை வளைவின் ஆரத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். மையத் தூரம் 200 மி.மீ., ஆரம் 450 மி.மீ. என்றால் துருத்தல் ஏறத்தாழ 11 மி.மீ. நேர்ப்பாதைக்குரிய இடைவெளியோடு இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய என்இஎம் தரங்களில் 102ஆம் எண் நேர்ப்பாதைக்கும் 103ஆம் எண் வளைவுக்கும் உரியவை. அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரயில்ரோட் அசோசியேஷன் இடைவெளியையும் சோதிக்க உதவும் ஓர் உலோக அளவுகோல் வைத்திருக்கிறது. எந்தக் கணக்கைப் போட்டாலும், கட்டடத்தை ஒட்டுவதற்கு முன் வெற்று அட்டையில் அதே அளவில் ஒரு பெட்டி செய்து வைத்து, உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். கட்டடத்தின் உயரம் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: சொந்தமாகக் கட்டும்போது அட்டை நல்லதா, ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகடு நல்லதா? இரண்டிலும் என் சுவர்கள் சில வாரங்களில் வளைந்துவிடுகின்றன.

பதில்: அட்டையைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தின் கிராமத்து வீடுகள் அட்டையில் கட்டி நீர்வண்ணம் தீட்டப்பட்டவை. இத்துறையில் அவற்றுக்கு நிகரானவை மிகச் சிலவே. தேர்வை உங்கள் கைப்பழக்கம் தீர்மானிக்கட்டும். கல், சுண்ணாம்புப் பூச்சு போன்ற மென்மையான பரப்புகள் அட்டையில் நன்றாக வரும். கூர்மையான விளிம்புகளும் மெல்லிய ஜன்னல் சட்டங்களும் ஸ்டைரீனில்தான் எளிது. ஸ்டைரீனை முழுவதும் வெட்ட வேண்டாம். கத்தியால் இரண்டு மூன்று முறை கீறி மடக்கினால் கோட்டின் வழியே நேராக முறியும். விளிம்பில் எழும் பிசிறைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடலாம்.

வளைவதற்கான காரணம் இரண்டு பொருள்களிலும் வேறு வேறு. அட்டையில் ஒரு பக்கம் மட்டும் நீர் கலந்த பசையோ வண்ணமோ படும்போது, அந்தப் பக்கம் ஈரத்தில் விரிந்து, பிறகு உலரும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. எனவே வண்ணத்துக்கு முன் இரு பக்கமும் வார்னிஷ் பூசி மூட வேண்டும். தாள்களை அடுக்கி ஒட்டினால் உலரும்வரை எடை வைத்து அழுத்த வேண்டும். ஸ்டைரீனில் குற்றம் பெரும்பாலும் கரைப்பான் பசையுடையது. அது பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றாக்கும் திரவம். செங்கல் வடிவம் பதித்த மெல்லிய தகட்டைத் தடித்த தகட்டின் மேல் ஒட்டும்போது நடுவில் சிக்கிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழியின்றி உள்ளேயே இருந்து, நாள்கணக்கில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கி வளைத்துவிடுகிறது. பின்தகட்டில் ஆங்காங்கே துளையிடுங்கள். பசையைச் சிறு தூரிகையால் அந்தத் துளைகளிலும் ஓரங்களிலும் தொட்டு வைத்தால் போதும், இடுக்கில் அது தானே பரவும். உள்மூலைகளில் சதுரக் கம்பிகளையும் நீண்ட சுவரின் நடுவில் குறுக்குத் தடுப்பையும் வைத்து, மூலைமட்டம் கொண்டு ஒவ்வொரு மூலையையும் சரிபார்த்த பிறகே அடுத்த சுவரை ஒட்ட வேண்டும். முதல் மூலையில் அரை மி.மீ. பிசகினால் கூரை பொருத்தும்போது அது இரண்டு மி.மீ. இடைவெளியாக நிற்கும். கூரையை மட்டும் ஒட்டாமல், கழற்றும்படி வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

கேள்வி: செங்கல் சுவருக்குச் சிவப்பு அடித்துச் சாந்துக்கோடுகளை வெள்ளையாக்கினேன். பொம்மை வீடுபோல் இருக்கிறது. பிளாஸ்டிக்கின் பளபளப்பும் போகவில்லை. சரியான வரிசை என்ன?

பதில்: இக்கேள்விதான் மிக அதிகமாக வந்திருக்கிறது, விரிவாகவே சொல்கிறோம்.

கட்டடத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டோம். ஆனால் அதன் மேல் விழும் விளக்கொளியைச் சுருக்கவில்லை. பளபளப்பான சுவரில் விளக்கின் பிரதிபலிப்பு முழு அளவில் மின்னுவதால், கட்டடத்தின் சிறுமை உடனே வெளிப்பட்டுவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியும் ஈரமான இடங்களும் தவிர வேறு எதுவும் மின்னக் கூடாது. அதேபோல், நிஜக் கட்டடத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது நடுவிலுள்ள காற்று நிறங்களை வெளிறச் செய்கிறது. மாதிரியையோ கையெட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறோம். ஆகையால் குப்பியிலுள்ள நிறத்தை அப்படியே பூசாமல், சிறிது வெளிர்சாம்பல் கலந்து தணிக்க வேண்டும். தனிக் கறுப்பும் தனி வெள்ளையும் இந்த வேலையில் ஏறத்தாழ இடமில்லாதவை: தார்க் கூரைக்கு அடர்சாம்பலும், சுண்ணாம்புச் சுவருக்கு மங்கிய வெண்மையும் போதும்.

வேலையின் வரிசை பின்வருமாறு. பாகங்களை அச்சுச் சட்டத்திலேயே இருக்கும்போது, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர விடுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய் எஞ்சியிருந்தால் வண்ணம் பிடிக்காது. ஜன்னல், கதவு, நிலைச்சட்டம், மழைநீர்க் குழாய் ஆகியவற்றைத் தனியே வண்ணம் தீட்டிப் பிறகு பொருத்துவதே முறை. சுவரில் ஒட்டிய பிறகு சட்டத்தின் ஓரத்தில் கோடு பிசகாமல் பூசுவது தேர்ந்த கைக்கும் கடினம். ஆனால் சுவர்களை நான்கு மூலையும் ஒட்டிய பின்னரே பூச வேண்டும். இல்லையேல் மூலை இணைப்பில் பட்டி வைத்துத் தேய்க்கும்போது வண்ணமும் சேர்ந்து போய்விடும். மெல்லிய சாம்பல் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) ஒரு முறை. அதன் மேல் மேட் (பளபளப்பற்ற) தன்மையுள்ள செங்கல் நிறம் இரண்டு மெல்லிய பூச்சுகள். சிவப்பைவிடப் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறமே செங்கல்லுக்கு நெருக்கமானது. அது உலர்ந்ததும், சற்று அடர்ந்த நிறம் ஒன்றும் சற்று வெளிறிய நிறம் ஒன்றும் எடுத்து, பத்தில் ஒரு கல் என்ற அளவில் ஒழுங்கின்றித் தொட்டுவைத்தால் சுவருக்கு உயிர் வரும். பொறுமை குறைந்தவர்கள் இந்தப் படியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், பலனில் மிகப் பெரிய வேறுபாட்டைத் தருவதும் இதுதான்.

சாந்து கடைசியில் வருகிறது. உண்மையில் 10 மி.மீ. அகலமுள்ள சாந்துக்கோடு எச்ஓவில் 0.11 மி.மீ. மட்டுமே. கிட் சுவரில் வார்த்திருக்கும் பள்ளம் அதைவிட அகலமாக இருப்பதே வழக்கம். அதில் வெள்ளையை நிரப்பினால் அந்த மிகையைக் கோடிட்டுக் காட்டியதாகிவிடும். மணல் நிறம் கலந்த மங்கிய சாம்பலைத் தேர்ந்தெடுங்கள். அக்ரிலிக் வண்ணத்தை நீரில் நன்கு கரைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் சேர்த்தால் நீர் திரளாமல் பள்ளங்களில் ஓடும். சில நிமிடங்களில், பிழிந்த துணியால் மூலைவிட்டத் திசையில் துடைத்தால் கல்லின் முகம் தெளிந்து கோட்டில் மட்டும் நிறம் நிற்கும். கோட்டின் திசையிலேயே துடைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அடிநிறம் எண்ணெய் வகை எனாமலாக இருந்து முழுவதும் உலர்ந்திருந்தால், மேலே வரும் நீர்வகை வண்ணம் அதைக் கரைக்காது என்பது ஒரு வசதி. முடிவில் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. நிறத்தைச் சரிபார்ப்பது எப்போதும் அமைப்புக்கு மேலுள்ள விளக்கின் கீழ்தான் நடக்க வேண்டும். பகலொளியில் சரியாகத் தெரிந்த பழுப்பு, மஞ்சள் சாயலுள்ள எல்இடி ஒளியில் வேறொன்றாகத் தெரியும்.

கேள்வி: ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) இல்லாமல் வண்ணம் தீட்டும் வேலையைச் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். கட்டடங்களின் பரப்பு ரயில் வண்டியின் பரப்பைப்போல் வழவழப்பாக இருக்கத் தேவையில்லை; தூரிகையின் தடம் மெல்லியதாக இருந்தால் அது சுவருக்கு அழகே. பிரைமருக்கும் வார்னிஷுக்கும் மட்டும் ஸ்பிரே குப்பி வசதியானது. வாகனங்களுக்கான வலுவான லாக்கர் ஸ்பிரே ஸ்டைரீனை அரித்துவிடக்கூடும் என்பதால், வீணான துண்டொன்றில் முதலில் அடித்துப் பாருங்கள். காற்றோட்டமுள்ள இடமும் முகக்கவசமும் கட்டாயம்.

கேள்வி: ஜன்னல் கண்ணாடித் தாளை உடனடிப் பசையால் ஒட்டினேன். மறுநாள் அது வெண்படலம் பிடித்திருந்தது. துடைத்தும் போகவில்லை.

பதில்: உடனடிப் பசை எனப்படும் சயனோஅக்ரிலேட் வகைப் பசை உலரும்போது எழும் ஆவி அருகிலுள்ள தெளிவான பரப்பில் படிந்து வெண்மையாகிறது. மூடிய கட்டடத்துக்குள் ஆவி தங்குவதால் இது இன்னும் மோசமாகும். மாற்றுத் தாள் வெட்டி, உலர்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். மேட் வார்னிஷும் கண்ணாடியை மங்கச் செய்யும் என்பதால், கண்ணாடி எப்போதும் வார்னிஷுக்குப் பிறகே வர வேண்டும்.

கேள்வி: பழமைத் தோற்றம் தருவதில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

பதில்: கலிபோர்னியாவின் மான்டெரேயில் தம் அமைப்பைக் கட்டிய ஜான் ஆலன் (1913–1973) அழுக்கும் துருவும் படிந்த தோற்றத்தை இக்கலையில் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர். அவருக்குப் பின் வந்த பலர் எல்லாக் கட்டடங்களையும் இடிபாடுகளாக்கிவிட்டார்கள் என்பது எங்கள் கருத்து. தண்ணீர் எந்த வழியே இறங்கும் என்று கேட்டுக்கொண்டு தூரிகையை எடுத்தால் எல்லை தானாகவே கிடைக்கும். ஜன்னல் அடிப்படியின் இரு முனைகளுக்குக் கீழே கறை இறங்கும். ஒழுகும் குழாயின் இணைப்பில் பாசி பிடிக்கும். தரையிலிருந்து ஓரிரு அடி உயரம்வரை மழைத்துளி தெறித்து மண்ணேறும். நீராவி எஞ்சின் நிற்கும் கொட்டகையின் புகைபோக்கிக்கு மேலே கரி படியும். கூரை விளிம்பின் அடிப்பகுதியோ மழைபடாமல் தன் பழைய நிறத்தோடு இருக்கும். உலர்ந்த தூரிகையில் வெளிர் நிறம் எடுத்துப் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு விளிம்புகளில் மட்டும் இழுத்தால் புடைப்புகள் எழுந்து தெரியும். தூள் வண்ணங்களை மேட் பரப்பின் மேல் தடவுங்கள். பிறகு வார்னிஷ் அடித்தால் தூளின் பெரும்பகுதி மறைந்துவிடுவதால், யாரும் தொடாத கட்டடத்தை அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: கட்டடத்துக்குள் எல்இடி பொருத்தினால் சுவரே ஒளிர்கிறது, அடியிலும் வெளிச்சக்கோடு தெரிகிறது.

பதில்: மெல்லிய பிளாஸ்டிக் ஒளியைத் தடுக்காது. உட்சுவர்களுக்கு முதலில் கறுப்பு, அதன் மேல் அறைக்குரிய நிறம் பூசுங்கள். தனிக் கறுப்புக்கு இங்கே மட்டும் வேலை உண்டு. எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் ஒளிர்வது இயல்பல்ல என்பதால் உள்ளே அட்டைத் தடுப்புகள் வைத்து இரண்டொரு ஜன்னல்களுக்கு மட்டும் ஒளி கொடுங்கள். 12 வோல்ட் மின்வழியில் 3 வோல்ட் வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 1,000 ஓம் மின்தடை வைத்தால் ஏறத்தாழ 9 மில்லியாம்பியர் ஓடும்; அதுவே பல இடங்களில் அதிகம், 4,700 ஓம் வைத்து ஒளியைத் தணித்தால் அறை அறையாகத் தெரியும். மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காமல் தனி வழியில் கொடுங்கள்.

அடிக்கோட்டு வெளிச்சத்துக்குக் காரணம், கட்டடம் தரையின் மேல் வைக்கப்பட்டிருப்பதே. பகலிலும் அந்த இடுக்கு கறுப்புக் கோடாகத் தெரிந்து கட்டடத்தை மிதக்கவிடும். கட்டடத்துக்கு அடித்தளமாக ஒரு தகடு செய்து அதைத் தரைமட்டத்தில் பதித்து, சுவர்கள் அந்தத் தகட்டின் விளிம்பைச் சுற்றி இரண்டு மி.மீ. கீழே இறங்கும்படி கட்டி, அதைச் சுற்றி மண்ணையும் புல்லையும் நிரப்புங்கள். மண்ணைச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். எல்இடி பழுதானால் கட்டடத்தைத் தூக்க வேண்டியிருக்கும், அதற்காகவே மின்கம்பியின் நடுவில் ஒரு சிறிய இணைப்பானும் இருக்கட்டும்.