ஒரு கை மட்டும் நடுங்கினால் பார்க்கின்சனாக இருக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஒன்றரை வருடமாக வலது கை மட்டும் நடுங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அதிகம். டம்ளரை எடுக்கப் போனால் நின்றுவிடுகிறது. நடக்கும்போது அந்தக் கை வீசுவதே இல்லை. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று வந்தும், நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் என்கிறார். மூளை நோய் என்றால் இரண்டு பக்கமும் அல்லவா வர வேண்டும்? இது பக்கவாதமாக இருக்குமோ? மூளையின் இணைப்புகளைக் காட்டும் ஒரு புது ஸ்கேன் பற்றிப் படித்தேன், அதை எடுக்கலாமா? வலது கைக்கு ஓய்வு கொடுத்து எல்லாவற்றுக்கும் இடது கையைப் பழக்கிவிடட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் பல வீடுகளில் பாசத்தோடு தப்பாகச் செய்கிறார்கள். வலது கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மருத்துவர் சொன்னதை நீங்கள் சந்தேகப்படக் காரணமான அதே விஷயம்தான் அவருடைய கணிப்புக்குப் பலம் சேர்க்கிறது. ஒரு பக்கத்தில் தொடங்கி, பல வருடம் போன பிறகும் அந்தப் பக்கத்திலேயே கூடுதலாக இருப்பது பார்க்கின்சனின் இயல்பு. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய கட்டுரையிலேயே, நடுக்கம் பெரும்பாலும் ஒரு கையில் தொடங்குவதையும், சில காலம் கழித்து மற்றக் கைக்கு வருவதையும் குறித்திருக்கிறார். 1967இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் (Yahr) என்ற இருவர் வகுத்த படிநிலைகளை இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் முதல் நிலையே ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருப்பதுதான். நேர்மாறாக, முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தால்தான் நாங்கள் யோசிப்போம். வேறு நோயோ, மாத்திரையால் வந்த நடுக்கமோ என்று தேடுவோம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் சின்னரிசின், புளூனரிசின், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்றவை பார்க்கின்சன் மாதிரியே காட்டும். அப்பா இவற்றில் எதையாவது சாப்பிடுகிறாரா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருப்பதாலேயே மாத்திரையின் வேலை இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

பக்கவாதம் இப்படி வராது. அது நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் வந்துவிடும். கையில் வலு போய்விடும். உங்கள் அப்பாவின் கையில் வலு இருக்கிறது, வேகமும் வீச்சும்தான் குறைந்திருக்கின்றன. ஆனால் பார்க்கின்சன் உள்ளவருக்கும் பக்கவாதம் வரலாம் என்பதை மறக்க வேண்டாம். திடீரென வாய் கோணுவது, பேச்சு குழறுவது, கை துவண்டு விழுவது, இவை எப்போது வந்தாலும் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியவை.

இனி, ஏன் ஒரு பக்கம்? நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு பகுதி இடமும் வலமுமாக இருக்கிறது. அங்குள்ள செல்கள்தான் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, தம் பக்கத்திலேயே இருக்கும் புட்டாமென் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து அதே பக்கத்து மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்கு, செய்தி போகிறது. புறணியிலிருந்து இறங்கும் நரம்புகள் மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுவதால், வலது கை நடுங்கினால் கோளாறு இடது மூளையில் என்று பொருள். அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி அழியும்வரை வெளியே எதுவும் தெரியாது. மூளை சமாளித்துக்கொள்கிறது. அப்பாவின் இடது மூளை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது, வலது மூளை இன்னும் தாண்டவில்லை. டோபமைன் நரம்புகளைக் காட்டும் டாட் ஸ்கேனை இவரைப் போன்றவர்களுக்கு எடுத்தால், பெரும்பாலும் இரண்டு பக்கமும் குறைந்திருக்கும், நடுங்கும் கைக்கு எதிர்ப்பக்கம் கூடுதலாகக் குறைந்திருக்கும். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைத்தான் காட்டும், இந்தக் குறைவைக் காட்டாது. அதனால் உங்கள் நார்மல் அறிக்கைக்கும் மருத்துவர் சொன்னதற்கும் முரண்பாடு இல்லை.

ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொள்வது ஏன் என்பதற்கு டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரைச் சேர்ந்த ஆய்வாளர் பெர் போர்க்ஹாமர் ஒரு விளக்கம் முன்வைத்திருக்கிறார். பார்க்கின்சனில் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து, நரம்பு இணைப்புகள் வழியே பரவுவதாகக் கருதப்படுகிறது. மூளையின் ஒவ்வொரு பாதியிலும் இணைப்புகள் பெரும்பாலும் தம் பக்கத்துக்குள்ளேயே ஓடுகின்றன. எதிர்ப்பக்கத்துக்குப் போகிறவை குறைவு. ஒரு பக்கத்து வாசனை நரம்பு மையத்திலோ, உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலாவிலோ கோளாறு தொடங்கினால், அது அந்தப் பக்கத்திலேயே வெகுநாள் சுற்றிவரும். குடல் நரம்புகளில் தொடங்கினாலோ, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே ஏறி மூளைத் தண்டின் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகப் போய்ச் சேரும். இப்படி வருபவர்களுக்கு நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கலும், கனவில் கத்துவதும், தூக்கத்தில் கை காலை வீசுவதும் இருக்கும் என்கிறார் அவர். இது இன்னும் கருதுகோள்தான், எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை. இருந்தாலும் அப்பா தூக்கத்தில் உதைக்கிறாரா, வாசனை தெரிகிறதா என்று அம்மாவிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது பயன்படும். இன்னொன்று: வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு வலது பக்கத்தில்தான் கூடுதல் பாதிப்பு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதற்காக, அதிகம் உழைத்ததால் கை தேய்ந்துபோயிற்று என்று அப்பா வருத்தப்படத் தேவையில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது.

நீங்கள் படித்த ஸ்கேன், ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ.யாக இருக்க வேண்டும். ஒருவர் சும்மா படுத்திருக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்து இயங்குகின்றன என்று அது பார்க்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 2010இல் ஹெல்மிக் குழுவினர் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. பார்க்கின்சனில் டோபமைன் முதலில் வற்றுவது புட்டாமெனின் பின்பகுதியில். அந்தப் பின்பகுதிக்கும் அசைவையும் தொடு உணர்வையும் ஒருங்கிணைக்கும் ஒரு புறணிப் பகுதிக்கும் இடையே உள்ள இணைப்பு தளர்ந்திருந்தது. டோபமைன் ஓரளவு மிஞ்சியிருக்கும் முன்பகுதியோடு அதே புறணிப் பகுதியின் இணைப்பு கூடியிருந்தது.

இதை உங்கள் அப்பாவின் நடையில் நேரிலேயே பார்க்கலாம். பின்பகுதி, யோசிக்காமல் பழக்கத்தில் நடக்கும் அசைவுகளைக் கவனிப்பது. நடக்கும்போது கை வீசுவது அப்படிப்பட்டது, யாரும் நினைத்து வீசுவதில்லை. முன்பகுதி, நினைத்துச் செய்யும் செயல்களைக் கவனிப்பது. அதனால்தான் தானாக வீசாத கை, “அப்பா, கையை நல்லா வீசி நடங்க” என்றால் வீசுகிறது. போனில் பேச ஆரம்பித்ததும் மறுபடி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. சொன்னால் செய்கிறார், சொல்லாவிட்டால் செய்வதில்லை, சோம்பல்தான் என்று வீட்டில் முணுமுணுப்பு கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். தானாக நடந்த ஒன்றை அவர் ஒவ்வொரு முறையும் கவனம் செலவழித்து வாங்க வேண்டியிருக்கிறது.

நடுக்கத்தின் கதை கொஞ்சம் வேறு. டோபமைன் குறைவு அதைக் கிளப்பிவிடுகிறது. அது எவ்வளவு பெரிதாக ஆட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் சிறுமூளை, மூளையின் நடுவே செய்திகளைக் கைமாற்றும் தலாமஸ், புறணி சேர்ந்த இன்னொரு சுற்றுக்குப் பங்கு உண்டு. அதனால் மாத்திரை, வேகக் குறைவை நன்றாகச் சரிசெய்துவிட்டு நடுக்கத்தைப் பாதியில் விட்டுவிடலாம். பதற்றத்திலோ மனக்கணக்குப் போடும்போதோ நடுக்கம் கூடுவதும் சகஜம். நடுக்கத்தின் அளவை வைத்து நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று கணக்கிடாதீர்கள்.

அந்த ஸ்கேனை எடுக்கலாமா? வேண்டாம். அதன் முடிவுகள் பலரைச் சேர்த்துச் சராசரி பார்க்கும்போதுதான் பேசுகின்றன. தனி ஒருவருக்கு நோய் உண்டா, எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லும் நம்பகம் இன்னும் இல்லை. தலை லேசாக அசைந்தாலே கணக்கு மாறிவிடும். சிகிச்சையில் எதையும் மாற்றாத ஒரு ஸ்கேனுக்குச் செலவழிப்பதைவிட, நல்ல பிசியோதெரபிஸ்ட்டுக்குச் செலவழிக்கலாம்.

இப்போது அந்தக் கை. பயன்படுத்தாத கை விறைத்துப்போகும். தோள்பட்டை இறுகிவிடுவது பார்க்கின்சனில் மிகச் சாதாரணம்; பலருக்கு நோய் தெரியவரும் முன்பே தோள்வலியாக அது வந்திருக்கும். பொத்தான் போடுவது, துணி மடிப்பது, எழுதுவது எல்லாம் வலது கையிலேயே நடக்கட்டும். மெதுவாக ஆனாலும் பரவாயில்லை, அசைவு பெரிதாக இருக்க வேண்டும். கோடு போட்ட தாளில் கோட்டைத் தொடும்படி பெரிய எழுத்தாக எழுதச் சொல்லுங்கள். கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்குவது தினமும் உண்டு. கொதிக்கும் பாத்திரமும் கூர்மையான கத்தியும் மட்டும் இடது கைக்குப் போகட்டும்.

இதோடு, மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சியும் வேண்டும். அதே நைமேகனில், வீட்டில் நிலைச் சைக்கிளை வாரம் 3 முறை, 30 முதல் 45 நிமிடம்வரை, 6 மாதம் மிதித்தவர்களையும், உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மிதித்தவர்களின் அசைவுத் திறன் குறைவாகவே சரிந்தது. அவர்களில் சிலருக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். நான் மேலே சொன்ன முன்பகுதி இணைப்பு அவர்களிடம் வலுப்பட்டிருந்தது. இணைப்புகளைக் கவனிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு ஸ்கேனைவிடச் சைக்கிள் பொருத்தம். இதய நோய் இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் வருமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மனதில் இருக்கும். வரும். எப்போது என்பது ஆளுக்கு ஆள் மாறும், பெரும்பாலும் சில வருடம் எடுக்கும். அப்போதும் வலதுதான் முன்னால் இருக்கும். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்யும். மூளைக்குள் மின்தூண்டல், குவி அல்ட்ராசவுண்ட் போன்றவற்றில் வலது கைக்காக இடது மூளையை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும், ஆனால் அதெல்லாம் இப்போதைக்கு உங்கள் பேச்சே இல்லை.

நான் கவலைப்படுவது வேறு சிலவற்றுக்கு. தொடக்க வருடங்களிலேயே அடிக்கடி விழுவது, போதிய அளவு லெவோடோபா கொடுத்தும் துளியும் மாற்றம் இல்லாதது, கை முறுக்கிக்கொண்டு தன் பேச்சைக் கேட்காமல் திடுக் திடுக்கென்று துள்ளுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் நாள் தள்ளாமல் சொல்லுங்கள். இவை வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம்; கார்ட்டிகோபேசல் என்ற அரிய நோயும் ஒரு பக்கமாகத்தான் தொடங்கும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலோடு ஒரு வீடியோவும் கொண்டுபோங்கள். அப்பா கைகளை மடியில் வைத்தபடி 100லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லட்டும். பிறகு ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 10 விநாடி, அகலமாகவும் வேகமாகவும் தட்டட்டும். நல்ல வெளிச்சத்தில், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். 6 மாதத்துக்கு ஒரு முறை இதையே எடுத்து வைத்தால், இடது கையின் தட்டல் சுருங்க ஆரம்பிப்பது அவருக்கே தெரியும் முன் மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.