ஜெபித்தும் போகாத சாதி உணர்வு

சகோதரருக்கு ஸ்தோத்திரம். வீட்டு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்த புதுக் குடும்பம் வேறு சாதி, அவர்கள் வீட்டில் கை நனைக்க மனம் வரவில்லை, மூன்று மாதம் ஜெபித்தும் மாறவில்லை என்கிறீர்கள்.

ஜெபத்தோடு நின்றதுதான் சிக்கல். இயேசுவின் சீடரான பேதுரு, எந்த மனிதனையும் தீட்டென்று சொல்லக்கூடாது என்று காட்டிய தரிசனத்தோடு நிற்காமல், யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனார், அவர்களோடு சாப்பிட்டார் என்பதே அவர்மேல் வந்த குற்றச்சாட்டு (அப்போஸ்தலர் 11:3). அதே பேதுரு அந்தியோகியாவில் சொந்த யூத ஆட்களைக் கண்டதும், யூதரல்லாதவர்களோடு சாப்பிட்ட பந்தியைவிட்டு விலகினார் (கலாத்தியர் 2:12). உங்களுக்கும் சறுக்கல் அங்கேதான் வரும், சொந்தக்காரர் முன்னால்.

அவர்களை முதலில் உங்கள் வீட்டுக்கு அழைக்காதீர்கள். அது தயவு காட்டுவதுபோல் ஆகிவிடும். நீங்கள் போய் அவர்கள் வீட்டு டீயைக் குடியுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தை அங்கேயே வைக்கச் சொல்லி, சாப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போது பேப்பர் கப் வேண்டாம், வீட்டு டம்ளரே போதும். (பேப்பர் கப்பின் அர்த்தம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.)

"உங்களை இப்படி நினைத்தேன், மன்னியுங்கள்" என்று அவர்களிடமே போய்ச் சொல்லவேண்டாம். பாரம் அவர்கள் தலையில் ஏறும். போதகரிடம் அறிக்கையிடுங்கள். பிள்ளைகள் காதுபட "நம்ம ஆளுங்க" என்று பேசுவதை இன்றே நிறுத்துங்கள்.

முதல் இரண்டு தடவை கூச்சம் இருக்கும். இருந்தாலும் போங்கள்.